பேர் போட எத்தனை கிலோ?

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையின் பெயரே ‘பேர்’தான். காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து, சொன்ன கிலோ கொழுந்தை நிறுவையில் காட்டினால் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், என்ன இயந்திரம் ஓடுகிறது என்பது மலையில் கொழுந்தெடுப்பவருக்குத் தூரத்துச் செய்தி. ஆனால் அவர் கூடையின் கனத்தில் அந்த இயந்திரத்தின் பசிக்கும் பங்கு உண்டு. கணினி நிரலைக் கணினியே எழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில் அந்தப் பழைய கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

1867-இல் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது அவருடைய பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. வாடிய கொழுந்தை மேசையில் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி ஆட்கள் உருட்டினார்கள். இலையின் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் பச்சை, கறுப்புத் தேயிலையாகும். எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்பது கை கற்ற வித்தை. 1872-இல் டெய்லரே உருட்டும் இயந்திரம் (ரோலர்) ஒன்றைச் செய்துவிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சனும் ஒன்றைச் செய்தார். டெய்லர் பெயரும் ஜாக்சன் பெயரும் நிலைத்தன. முழங்கை தேய்ந்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

பதுளை இருக்கும் ஊவா இந்தக் கதைக்குள் சற்றுப் பிந்தித்தான் வந்தது. 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகே இந்த மலைகள் தேயிலைக்கு மாறின. அதற்குள் ரோலர் தயாராகியிருந்தது. 1890-இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கி அங்கே தொழிற்சாலை எழுப்பினார். ரயில் 1893-இல் ஹப்புத்தளைக்கும் அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று.

ரோலர் வந்ததும் ஆள் குறைந்ததா?

இலங்கை முழுவதிலும் 1875-இல் தேயிலை ஏறத்தாழ 1,000 ஏக்கர். இருபதே ஆண்டில் அது 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. தேயிலை வரலாற்று நூல்களில் இன்னொரு கணக்கு அடிக்கடி வரும்: 1872-இல் ஓர் இறாத்தல் தேயிலை செய்ய 11 பென்ஸ் பிடித்தது, 1913-இல் மூன்று பென்ஸுக்குள் அடங்கிவிட்டது, 8,000 ரோலர்கள் 15 லட்சம் ஆட்களின் வேலையைச் செய்தன. வேடிக்கை என்னவென்றால் அந்த 15 லட்சம் பேர் என்றைக்குமே இருந்ததில்லை. கையால்தான் உருட்ட வேண்டும் என்றால் அவ்வளவு தேயிலையை யாரும் நட்டிருக்கவே மாட்டார்கள். விறாந்தையில் இருந்த நெரிசல் மலைக்கு நகர்ந்தது. இரும்பு உருட்டக் காத்திருந்தது, கொழுந்து வந்தாக வேண்டும். ஆகவே கங்காணிகள் தமிழ்நாட்டுக்குப் போய் மேலும் மேலும் ஆள் கட்டி வந்தார்கள். பிரட்டில் நிற்கும் தலை ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குத் தலைக்காசு கிடைத்தது.

ஸ்டோருக்குள்ளேயும் ஒருவருடைய மதிப்பு ஏறியது. டீமேக்கர். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலை தாண்டி வறண்டு வீசும்போது ஊவாக் கொழுந்தில் ஒரு தனி வாசனை கூடும். மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தை நினைவூட்டுவது. உலகச் சந்தை அதற்குத்தான் விலை கொடுக்கிறது. ரோலர் எந்தக் கொழுந்தையும் ஒரே மாதிரி உருட்டும். இன்றைய கொழுந்து சரியாக வாடியதா, உருட்டிய இலை புளித்தது போதுமா, அடுப்புக்கு எப்போது அனுப்புவது என்பதை டீமேக்கர் மோந்து பார்த்துச் சொல்வார். ஒரு கால்மணி தவறினால் அன்றைய சரக்கே பாழ். உருட்டுபவர் பலர் இருந்த இடத்தில், உருட்டாமலே எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒருவர் வந்து நின்றார்.

தேயிலையிலிருந்து கணினிக்கு ஒரே எட்டுத்தான். உலகில் முதன்முதலாக வணிகக் கணக்குப் போட்ட கணினியைக் கட்டியது தேநீர்க்கடைகள் நடத்தித் தேயிலை விற்ற லண்டனின் ஜே. லயன்ஸ் நிறுவனம். ‘லியோ’ என்ற அந்தக் கணினி 1951 நவம்பரில் வேலையில் இறங்கியது. தேயிலை இருப்பையும் கலவையையும் கணக்கிடுவது அதன் தொடக்ககால வேலைகளில் ஒன்று. அனுபவமுள்ள கிளார்க் ஒருவர் எட்டு நிமிடம் எடுத்துப் போட்ட ஒரு தொழிலாளியின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை நொடியில் முடித்தது. அதாவது நம் செக்ரோல்! நிரல் எழுத ஆள் வேண்டியிருந்தது. லயன்ஸ் தன் அலுவலகத்துக்குள்ளேயே தேடியது. ஐஸ்கிரீம் விற்பனைக் கணக்குப் பிரிவில் இருந்த மேரி கூம்ஸ் 1952-இல் அப்படித் தேறி வந்தவர். வணிக நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

நிரலர்களின் கைவேலைக்கும் விரைவிலேயே ரோலர் வந்தது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல்மொழிக் கையேட்டின் தலைப்பிலேயே ‘தானியங்கி நிரலாக்கம்’ என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. ஒருநாள் பயிற்சி பெற்ற ஒருவர் நான்கு மணி நேரத்தில் 47 வரி எழுத, அவற்றை இயந்திரம் ஆறு நிமிடத்தில் ஏறத்தாழ 1,000 கட்டளைகளாக விரித்தது என்று அந்த மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ் குழுவினர் அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். இயந்திர எண்களைக் கையால் கோத்துப் பழகிய பலர் முகம் சுளித்தனர். அன்றைய நிரலர்கள் தங்களை ஒரு பூசாரிக் கூட்டமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பேக்கஸ் பின்னாளில் கேலியாக எழுதினார். 1981-இல் பிரிட்டனில் ‘தி லாஸ்ட் ஒன்’ என்றொரு மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கேள்வி கேட்டுப் பதில் வாங்கி பேசிக் மொழி நிரலைத் தானே எழுதித் தரும். இனி யாரும் நிரல் எழுதவே வேண்டாம் என்பது பெயரிலேயே இருந்த வாக்குறுதி. அதற்குப் பிறகுதான் நிரலர் கூட்டம் உலகெங்கும் பெருகியது.

2021-இல் முன்னோட்டமாக வந்த, நிரல் எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட்டும் அதன் பின் வந்தவையும் பழைய கருவிகளிலிருந்து ஒரு விதத்தில் வேறுபடுகின்றன. ஃபோர்ட்ரான் ஒரே வரியை ஒரே மாதிரித்தான் விரிக்கும். இவை ஊகித்து எழுதுகின்றன. சில சமயம் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பியும் எழுதுகின்றன. ஆகவே எழுதும் இடத்து நெரிசல் சரிபார்க்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. மோந்து பார்க்கும் மூக்குத்தான் இப்போது தேவை. அந்த மூக்கு, வருடக்கணக்கில் இலையைக் கையாண்டவருக்கு வருவது. கையே வைக்காமல் இனிச் சேரும் இளையவருக்கு அது எங்கிருந்து வரும் என்பதற்கு யாரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மூக்கைவிடக் கிலோதான் பெரிய பிரச்சினை. 2021-இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது, பேர் போட எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவையும் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் தொழிலாளர்கள் முறையிட்டனர். கருவி வேகம் தரும். அந்த வேகத்தை அடுத்த மாத இலக்கில் சேர்ப்பதா, வேலை செய்பவரின் நேரத்தில் விடுவதா என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, 2005-இல் தொடங்கியது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் கணினி விஞ்ஞானத்துக்கும் அங்கே பட்டப்படிப்பு உண்டு. தோட்ட லயத்துப் பிள்ளை ஒன்று அங்கே கணினி படித்துக் கொழும்பில் வேலைக்குப் போகுமானால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு போகட்டும்: ஆரம்பத்தில் எத்தனை கிலோ எடுத்தால் பேர் விழுந்தது, இப்போது எத்தனை?