ஃபைலோஃபாக்ஸ் வளைய நாட்குறிப்பேட்டின் அளவுகள்

ஃபைலோஃபாக்ஸ் என்பது தோல் உறையும் திறந்து மூடும் உலோக வளையங்களும் கொண்ட, தாள்களை விரும்பியபடி சேர்க்கவும் நீக்கவும் கூடிய பிரித்தானிய நாட்குறிப்பேடு ஆகும். முகவரிகள், நாட்காட்டி, கணக்கு, குறிப்பு என எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் வைத்துக்கொள்ள உதவியது. இந்நிறுவனம் இன்றும் ஏடுகளை விற்கிறது. ஆயினும் 1980களில் புகழ்பெற்ற வின்செஸ்டர் என்னும் கன்றுத்தோல் ஏடும், டெஸ்க்ஃபாக்ஸ் என்னும் பெரிய மேசை ஏடும் நின்றுபோயின. அவற்றை இன்னும் பயன்படுத்துவோருக்கு, எந்தத் தாள் எந்த வளையத்தில் பொருந்தும் என்பது அன்றாடக் கேள்வி.

தோற்றம்

இதன் மூலம் இங்கிலாந்து அன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜே. சி. பார்க்கர் என்னும் பொறியாளர் 1910ஆம் ஆண்டளவில் லீஃபாக்ஸ் என்னும் தாளேட்டை உருவாக்கினார். பொறியாளர்களுக்குத் தேவையான அட்டவணைகளும் சூத்திரங்களும் தனித்தனித் தாள்களாக அச்சிடப்பட்டு வந்தன. வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். லண்டனைச் சேர்ந்த நார்மன் அண்டு ஹில் நிறுவனம் 1921இல் இதை இறக்குமதி செய்யத் தொடங்கிப் பின்னர் தானே தயாரித்தது. அங்கே தற்காலிகச் செயலராகச் சேர்ந்த கிரேஸ் ஸ்கர் என்னும் பெண்மணிதான் ஃபைலோஃபாக்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். தகவல்களின் கோப்பு என்பது அதன் பொருள். 1930இல் அது வணிகக்குறியாகப் பதிவாயிற்று.

1940ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் நிறுவனத்தின் கட்டடம் அழிந்தது. பதிவேடுகள் எல்லாம் போயின. ஆனால் கிரேஸ் ஸ்கர் தம் சொந்த ஃபைலோஃபாக்ஸில் வாடிக்கையாளர், சரக்கு வழங்குவோர் ஆகியோரின் விவரங்களை எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டே வணிகம் மீண்டும் தொடங்கியது. பிற்பாடு அவர் நிறுவனத்தின் தலைவராகவும் உயர்ந்தார். விளம்பரத்துக்காகக் கட்டிய கதை போலத் தோன்றினாலும் இது நடந்ததே.

அடுத்த பல ஆண்டுகள் படை அதிகாரிகள், மதகுருமார், மருத்துவர்கள் என ஒரு சிறு வட்டமே இதை வாங்கி வந்தது. 1980இல் டேவிட் கொலிஷன் என்பவர் நிறுவனத்தை வாங்கிய பிறகு நிலைமை மாறியது. ஆடை வடிவமைப்பாளர் பால் ஸ்மித்தின் கடை போன்ற இடங்களில் ஏடு விற்பனைக்கு வந்தது. யப்பிகள் எனப்பட்ட, நகரத்து இளம் செல்வர்களின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. 1987இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் வந்தது.

பெர்சனல்

லீஃபாக்ஸ் காலத்திலிருந்து வரும் மூல அளவு இதுவே. தாள் 95 × 171 மி.மீ.; அதாவது 3¾ × 6¾ அங்குலம். மில்லிமீட்டரில் ஒழுங்கற்றதாகத் தெரியும் இந்த எண்கள் அங்குலத்தில் சீராக அமைவது இதன் வயதைக் காட்டுகிறது. துளைகள் ஆறு, மூன்று மூன்றாக இரண்டு கூட்டம். கூட்டத்துக்குள் துளைக்குத் துளை ¾ அங்குலம் (19 மி.மீ.), இரு கூட்டங்களுக்கும் நடுவே 2 அங்குலம் (51 மி.மீ.). இந்த இடைவெளி மாறாமல் இருந்ததால்தான் பாட்டன் வைத்திருந்த உறையில் பேரன் இன்று வாங்கிய தாளைச் செருக முடிகிறது. ஜப்பானில் இதே அளவு பைபிள் அளவு என்ற பெயரில் வழங்குகிறது.

வின்செஸ்டர் இந்த அளவில்தான் புகழ்பெற்றது. உறையின் உட்புறம் 4சிஎல்எஃப் 7/8 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உள்ளறைகளின் எண்ணிக்கை. நடு எழுத்துகள் கன்றுத்தோலைக் குறிக்கும். பின்னம் வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 7/8 என்றால் ஏறத்தாழ 22 மி.மீ. பழைய ஏடு வாங்குவோர் தாளின் அளவை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஒரே பெர்சனல் தாளுக்கே 11 மி.மீ. வளையமுள்ள மெல்லிய ஸ்லிம்லைன் ஏடும் உண்டு; ஓராண்டு நாட்காட்டியைச் செருகினாலே அதில் வேறு எதற்கும் இடம் குறைந்துவிடும். தாள் அகலத்தைத் தீர்மானிக்கிறது, வளையம் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது.

சிறியவை

பாக்கெட் அளவுத் தாள் 81 × 120 மி.மீ. ஆறு துளைகள் நடுவில் இடைவெளியின்றி 19 மி.மீ. தூரத்தில் வரிசையாக அமைந்தவை. மினி 67 × 105 மி.மீ., ஐந்து துளைகள், அதே தூரம். எனவே மினித் தாளைப் பாக்கெட் ஏட்டில் அப்படியே செருகலாம். ஒரு வளையம் மட்டும் சும்மா இருக்கும். பாக்கெட் தாளைப் பெர்சனலில் செருகினால் மூன்று துளைகளே பொருந்தும்.

சிறிய ஏட்டில் இன்னொரு நட்டமும் உண்டு. துளைகளுக்காக எந்த அளவிலும் சுமார் 10 மி.மீ. அகலம் எழுத உதவாமல் போகிறது. பெர்சனலில் இது அகலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மினியில் ஏழில் ஒரு பங்கு. கையில் அடக்கமாக இருக்கிறதே என்று மினியை வாங்கியவர், ஒரு முழு முகவரியை எழுதும்போதுதான் இதை உணர்வார்.

பெரியவை

ஏ5 தாள் 148 × 210 மி.மீ. பரப்பில் பெர்சனலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. சாதாரண ஏ4 தாளை நடுவில் வெட்டினாலே கிடைக்கும் என்பதால் வீட்டில் அச்சிடுவோருக்கு வசதி. ஒப்பிட்டால், ஒரு ஏ4 தாளில் பெர்சனல் மூன்று வெட்டலாம், மிச்சம் குப்பைக்கு. மினியோ எட்டு வரும்.

ஏ5 ஏட்டிலும் ஆறு வளையங்கள், மூன்று மூன்றாக. நடு இடைவெளி மட்டும் 70 மி.மீ. பெர்சனலின் 51 மி.மீ.க்கும் இதற்கும் வேறுபாடு சரியாக 19 மி.மீ., அதாவது ஒரு துளைத் தூரம். ஆகவே பெர்சனல் தாளை ஏ5 ஏட்டில் வைத்தால் ஐந்து துளைகள் பொருந்துகின்றன. ஆறாம் வளையத்துக்குத் தாளின் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டால் போதும். பெர்சனலிலிருந்து ஏ5க்கு மாறுவோர் பழைய குறிப்புகளைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஏ4 ஏடு நான்கு வளையங்கள் கொண்டது; அலுவலகக் கோப்புக்கு நெருங்கிய உறவு, பைக்குள் அடங்காது.

டெஸ்க்ஃபாக்ஸின் கதை வேறு. 1980களின் பிற்பகுதியில் மேசைக்கென வந்த இதன் தாள் 176 × 250 மி.மீ., அதாவது பி5. வளையங்கள் ஒன்பது. எழுதுவதற்கு இடம் தாராளம், ஏ4 அளவுக்குப் பெரிதும் அன்று. ஆனால் அதன் ஒன்பது துளை அமைப்பு பெர்சனலுக்கோ ஏ5க்கோ உரியதன்று. 1990களில் தயாரிப்பு நின்றபோது தாளும் நின்றது. நல்ல தோலும் பழுதில்லா வளையங்களும் கொண்ட ஏடுகள் தாளின்றி அலமாரிக்குப் போயின. வின்செஸ்டர் நின்றுபோன பிறகும் அதை வைத்திருப்பவர் கடைக்குப் போய்ப் பெர்சனல் தாள் வாங்கிக்கொள்கிறார். டெஸ்க்ஃபாக்ஸ் வைத்திருப்பவரோ ஏ4 தாளைப் பி5க்கு வெட்டி, பழைய தாள் ஒன்றை மேலே வைத்து, ஒவ்வொரு துளையாக ஒன்பது முறை குத்துகிறார்.