மூச்சு இயந்திரம் வாங்குமுன் முகமூடியைப் பாருங்கள்

குறட்டை விடுபவர் அசந்து தூங்குகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை அடைபட்டு, பத்து விநாடிக்கும் மேல் மூச்சு நின்றுவிடுகிறது. பிறகு திணறலோடு திரும்புகிறது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. இப்படி மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தால் நோய். 30-ஐத் தாண்டினால் கடுமை. பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குபவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இதற்கான சிபாப் இயந்திரத்தை 1980-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் உருவாக்கினார். காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்தே வைத்திருக்கும், வேலை அவ்வளவுதான். ஆனால் யாருக்கு எவ்வளவு அழுத்தம் என்பதைத் தூக்கப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மதகடிப்பட்டு சுற்றுவட்டாரத்தினர் ஸ்ரீ மணக்குள விநாயகர் மருத்துவக் கல்லூரியிலோ ஜிப்மரிலோ நுரையீரல் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். பரிசோதனை இல்லாமல் இணையத்தில் ஆர்டர் போடுவது வீண் செலவு.

வாங்கியவர்களில் பலர் சில வாரங்களில் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இயந்திரத்தில் குறை இருக்காது, முகமூடிதான் பொருந்தியிருக்காது. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சிறியது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகை உண்டு. வாயால் மூச்சு விடுபவர்களுக்குப் பொதுவாக மூன்றாவது. தாடி வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு அதில் ஒரு சிக்கல்: முடியின் இடுக்கில் காற்று கசியும். வாரை இறுக்கினால் புண்தான் மிச்சம். மூக்கடைப்பு இல்லாதவர்கள் துவார வகையைக் கேட்டுப் பார்க்கலாம். அது தாடியைத் தொடாது. எதுவானாலும் கடையில் நின்றபடி அல்ல, இயந்திரத்தை ஓடவிட்டு, படுத்து, புரண்டு பாருங்கள். சில நாள் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது.

அழுத்தத்தை மெல்ல ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டி உதவும். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். மின்தடை நேரத்தில் அதன் சூட்டை நிறுத்தினால் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்கும்.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்பதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. வரிசை எண்ணைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.