நாவிதர் கல்லறையில் பெயர் எங்கே?

மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தியிலும், கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸிலும் டெல்லி போகிறவர்கள் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்தில்தான் இறங்குவார்கள். ஜந்தர் மந்தர் ஆர்ப்பாட்டத்துக்கோ பல்கலைக்கழகச் சேர்க்கைக்கோ போகும் தோழர்கள் அரை நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் ஹுமாயூன் கல்லறைத் தோட்டம். வாகன இரைச்சலுக்கு நடுவே, நான்கு பாகமாகப் பிரித்து வாய்க்கால் ஓடவிட்ட முகலாயத் தோட்டம் அது.

இன்று நாம் பார்ப்பது மீட்டெடுக்கப்பட்ட தோட்டம். 16ஆம் நூற்றாண்டில் உருவான இந்த இடம், முகலாய ஆட்சி நலிந்த காலத்தில் காய்கறி விளையும் நிலமானது. பிரிட்டிஷார் இதை ஆங்கிலேயப் பாணிக்கு மாற்றினார்கள். 1947இல் இது அகதிகள் முகாம். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்த சீரமைப்பு 2003இல் முடிந்தது. வாய்க்கால்களில் மறுபடியும் தண்ணீர் ஓடுகிறது.

நல்ல வேலைதான். ஆனால் எதையும் மீட்டெடுக்கும்போது எந்தக் காலத்துக்கு மீட்பது என்று முடிவு செய்தாக வேண்டும். இங்கே தேர்ந்தெடுத்தது பேரரசரின் காலம். காய்கறி பயிரிட்டவர்களும் அகதிகளும் அந்தத் தோட்டத்தின் அழகில் தெரிய மாட்டார்கள்.

அந்தப் பேரரசரின் காலத்திலும் யாருடைய பெயர் மிஞ்சியது? கட்டச் சொன்ன பேகா பேகத்தின் பெயர் இருக்கிறது. வடிவமைத்த மீரக் மிர்சா கியாஸின் பெயர் இருக்கிறது. தோட்டத்தின் தென்கிழக்குப் பக்கம் நடந்து பாருங்கள். இரட்டைக் குவிமாடத்தோடு ஒரு சிறிய, அழகான கல்லறை. அதற்குள் இரண்டு சமாதிகள். ஒன்றில் 999 என்ற எண் செதுக்கியிருக்கிறது. அதை ஹிஜ்ரி ஆண்டாக எடுத்துக்கொண்டால் கி.பி. 1590-91. யாருடைய சமாதி என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மக்கள் வழக்கில் அதன் பெயர் ‘நாயி கா கும்பத்’. இந்தியில் நாயி என்றால் நாவிதர். அரசரின் நாவிதருக்குக் கட்டியது என்பது மக்கள் சொல்லும் கதை. அந்தக் கதைப்படியே பார்த்தாலும், அரசர் தன் கழுத்தில் கத்தி வைக்க நம்பிய மனிதருக்குக் கல்லறை கிடைத்திருக்கிறது. பெயர் நிற்கவில்லை, தொழில் நின்றுவிட்டது.

தொழிலை வைத்தே மனிதரை அடையாளப்படுத்துவது மதம் மாறினாலும் விடவில்லை. ‘பாகிஸ்தான் அல்லது இந்தியப் பிரிவினை’ நூலில் அம்பேத்கர் 1901 வங்காளக் குடிக்கணக்கு அறிக்கையை எடுத்துக்காட்டுகிறார். அங்கே முஸ்லிம்களுக்குள் ‘அஜ்லஃப்’ என்று கீழே வைக்கப்பட்ட பிரிவுகளின் பட்டியல் வருகிறது. அதில் ஹஜ்ஜாம், அதாவது நாவிதரும் உண்டு.

1947க்கு வருவோம். முதலில் பாகிஸ்தான் போகக் காத்திருந்த முஸ்லிம்களும், பிறகு அங்கிருந்து வந்தவர்களும் இந்தத் தோட்டத்தில் தங்கினார்கள். பொதுவாக அகதிகள் முகாம்களில் என்ன நடந்தது என்பதை அந்த ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. முகாம் அதிகாரிகள் பட்டியல் சாதி அகதிகளிடம் பாகுபாடு காட்டுகிறார்கள், அதனால் அவர்களால் முகாம்களில் தங்க முடியவில்லை, முகாமுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ரேஷனும் துணியும் கிடைப்பதில்லை என்று அவர் முறையிட்டார். வீட்டை இழந்து வந்த இடத்திலும் சாதி வரிசையில் முன்னால் நின்றது. பிரிவினை பற்றி நாம் படித்த பள்ளிப் பாடத்தில் இது எத்தனை வரி?

இது டெல்லியோடு முடிகிற கதை இல்லை. நம் ஊர்ப் பழைய கிராமப் பதிவேடுகளில் நம்மவர்கள் ‘வெட்டியான்’, ‘தோட்டி’ என்று வேலையாகத்தான் இருக்கிறார்கள். அந்த வேலைகளைச் செய்தவர்களுக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் இருந்தது.

ஆகவே தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரும்போது ஒரு வேலையோடு வாருங்கள். உங்கள் தாத்தா பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள், அவர்கள் வெட்டிய கிணறு, போட்ட சாலை, நட்ட மரம் எல்லாவற்றையும் பெயரோடு எழுதி வையுங்கள். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். கல்லில் செதுக்க அரசர் வேண்டியிருந்தது. நோட்டில் எழுத நாமே போதும்.

ஜெய்பீம்.