ஓட்டை விழுந்த ஷூதான் லோகோ! 'நோய் துப்பறிவாளர்கள்' உருவாவது எப்படி?

அமெரிக்காவின் சிடிசி அமைப்பில், 1951-ல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய பயிற்சித் திட்டம் 'இஐஎஸ்'. இளம் மருத்துவர்கள், விஞ்ஞானிகளுக்கு 2 ஆண்டு பயிற்சி.

என்ன கற்றுத் தருவாங்க?

வகுப்பு கொஞ்சம்தான். நோய் பரவும் ஊருக்கே போய் யாருக்கு, எப்போ, எப்படி வந்தது என விசாரிக்கணும். நடந்து தேய்ந்த ஷூ லோகோ ஆனது அதனால்தான்.

பலன் என்ன?

1981-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு அபூர்வ நிமோனியா. நோய் எதிர்ப்பு சக்தி சரிந்திருப்பதை அங்கிருந்த இளம் இம்யூனாலஜி மருத்துவர் மைக்கேல் காட்லீப் கவனித்தார். இஐஎஸ் பயிற்சியில் இருந்த வேய்ன் ஷாண்டெரா தகவல் திரட்டினார். ஜூன் 5-ல் வெளியான அந்த அறிக்கைதான் எய்ட்ஸ் பற்றிய முதல் எச்சரிக்கை. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதோ 1983-ல்தான்.

இந்தியாவில்?

இதே மாதிரியான பயிற்சி 2012-ல் தொடங்கியது.