ஃப்ரெஷ்மேன் 15

அமெரிக்கக் கல்லூரியில் சேரும் மாணவர் முதலாண்டில் 15 பவுண்டு (ஏறத்தாழ 6.8 கிலோ) எடை கூடுவர் என்னும் நம்பிக்கையைச் சுட்டும் வழக்குத்தொடர், மருத்துவக் கலைச்சொல் அன்று. 1989இல் 'செவன்டீன்' இதழ்க் கட்டுரை இதைப் பரப்பியது.

அளவு மிகைப்பட்டது. சாகோர்ஸ்கி, ஸ்மித் என்னும் ஆய்வாளர்களின் 2011ஆம் ஆண்டு ஆய்வில் சராசரி உயர்வு 2.5 முதல் 3.5 பவுண்டு வரையே, 15 பவுண்டோ அதற்கு மேலோ கூடியவர் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை, கால்பங்கினர் இளைத்தனர். கல்லூரி செல்லாத அதே வயதினரைவிட மாணவருக்குக் கூடியது அரை பவுண்டு அளவே.

முன்பணம் செலுத்தி வரம்பின்றி உண்ணும் விடுதி உணவுக்கூடம், பின்னிரவு நொறுக்குத்தீனி, பீட்சா, மது, தூக்கக் குறைவு, பள்ளிக்கால விளையாட்டு நின்றுபோதல் ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2011 ஆய்வில் மிகுதியாகக் குடித்தோர்க்குக் கூடுதலாக ஏறியது ஒரு பவுண்டுக்கும் குறைவே.