கோதுமை கொண்டுசென்ற தமிழ் நூல்கள்

கோதுமைக்கும் தமிழ் நூல்களுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் 1960களிலும் 70களிலும் அச்சான எத்தனையோ தமிழ் நூல்கள் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் இருப்பதற்குக் கோதுமையே காரணம். பல்கலைக்கழக நூலகங்கள் தம்முள் கூடி வாங்கியும் பகிர்ந்தும் செயல்பட்ட வரலாற்றில் தமிழுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. தமிழ் படித்த நம்மில் பலர் அதை அறியாதிருக்கிறோம். அதை இங்கே சுருக்கமாகப் பதிவு செய்து, நமது கல்லூரிகளின் நிலை பற்றியும் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

கூடி வாங்குதல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பிய நூல்கள் அமெரிக்காவுக்கு வருவது தடைப்பட்டது. தம் நூலகங்கள் எவ்வளவு பெரியவையாயினும் தனித்து நின்று உலகத்து நூல்களையெல்லாம் திரட்ட இயலாது என்பதை அறிஞர்கள் அப்போது உணர்ந்தார்கள். 1942இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஃபார்மிங்டன் என்னும் ஊரில் கூடி ஒரு திட்டத்தைப் பேசினார்கள். ஆய்வுக்குப் பயன்படும் அயல்நாட்டு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியாவது ஏதேனும் ஓர் அமெரிக்க நூலகத்தில் இருக்க வேண்டும். எந்தத் துறையை எந்த நூலகம் வாங்குவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இரவல் பெற்றுக்கொள்ளலாம் என்பதே திட்டத்தின் சாரம். 1948இல் தொடங்கிய ஃபார்மிங்டன் திட்டம் 1972 வரை நடந்தது.

1949இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சிகாகோவில் ஒரு பொது நூலகத்தை நிறுவின. அரிதாகவே தேவைப்படும் நூல்களைப் பத்து இடங்களில் வைத்துக்கொண்டு இடமில்லை என்று புலம்புவானேன், ஓரிடத்தில் வைத்துப் பொதுவில் பயன்படுத்துவோம் என்பது அவர்கள் எண்ணம். ஆய்வு நூலகங்களின் மையம் என்று 1965இல் பெயர் மாற்றம் பெற்ற நிறுவனம் அதுவே.

எல்லாரிடமும் எல்லாம் இருக்க வேண்டியதில்லை. எது எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தால் போதும். இந்த இரண்டு முயற்சிகளுக்கும் அடிப்படை இவ்வளவுதான்.

கோதுமை ரூபாய்

நம் பெற்றோர் தலைமுறைக்குப் 'பி.எல். 480' என்றால் ரேஷன் கடைக் கோதுமை நினைவுக்கு வரும். 1954இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் எண் அது. அதன்படி உபரித் தானியத்தை டாலருக்குப் பதிலாக அந்தந்த நாட்டு நாணயத்திற்கே விற்றார்கள். இந்தியா ரூபாயாகக் கொடுத்தது. அந்த ரூபாயில் பெரும்பகுதியை இந்தியாவுக்குள்ளேயே செலவிட வேண்டியிருந்ததால் பெருந்தொகை இங்கே தேங்கியது. அதில் ஒரு பங்கை நூல் வாங்கச் செலவிடலாம் என்று 1958இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அலுவலகம் புதுதில்லியில் இயங்கத் தொடங்கியது.

அதன் செயல்முறை கவனத்திற்குரியது. ஒரு நூலைத் தேர்ந்தால் திட்டத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சேர்த்துப் பல பிரதிகள் வாங்கினார்கள். வாங்கிய நூல்களின் விவரத்தை அச்சிட்டு எல்லா நூலகங்களுக்கும் அனுப்பினார்கள். தமிழறிந்த பட்டியலாளர் ஒருவர் செய்த வேலை தமிழறியாத பல நூலகங்களுக்கும் பயன்பட்டது. தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கும் ஒரே விதியைக் கடைப்பிடித்தார்கள். அந்த விதிப்படி சகரத்துக்கு ஆங்கில எழுத்து 'சி'. சிலப்பதிகாரத்தை 'எஸ்' எழுத்தின்கீழ் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவார். நமக்கு முதலில் விந்தையாகத் தோன்றும் இந்த விதியை அனைவரும் ஏற்றதால்தான், ஒரு நூல் எத்தனை நூலகங்களில் உள்ளது என்பதை ஒரே தேடலில் அறிய முடிந்தது.

இதில் தூய தமிழன்பு மட்டுமே இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அது பனிப்போர்க்காலம். ஆசிய நாடுகளை அறிந்துகொள்ள வேண்டிய தேவை அமெரிக்க அரசுக்கு இருந்தது. அயல்மொழிக் கல்விக்கு அது பணம் ஒதுக்கியதும் அதன் பொருட்டே. ஆனால் நோக்கம் எதுவாயினும் விளைவு நிலைத்தது. ஊர்ப்பதிப்பகம் சில நூறு பிரதிகள் அச்சிட்டு மறந்த நாவல் ஒன்றைக் கடல் கடந்த அலமாரியில் இன்றும் காண முடிகிறது. 1980களில் கோதுமை ரூபாய் தீர்ந்தபின், அந்த நூலகங்கள் சொந்தப் பணத்தில் அதே கூட்டு ஏற்பாட்டைத் தொடர்ந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நூல் இங்கே, நகல் அங்கே

பழைய நூல்களின் கதை வேறு. அவை விற்பனையில் இல்லை, தாளும் பொடிந்துகொண்டிருந்தது. இங்கேதான் கோட்டையூர் ரோஜா முத்தையா வருகிறார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தம் வாழ்நாளில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தத் தொகுப்பு சிதறிப்போகும் நிலை வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மூலங்கள் இங்கேயே நின்றன. நுண்படங்களாக நகலெடுக்கும் பணி தொடங்கியது. பி.எல். 480 நூலைக் கொண்டுசென்றது. இந்த ஏற்பாடு நூலை அது பிறந்த மண்ணிலேயே விட்டுவைத்து நகலைப் பகிர்ந்தது. பகிர்தல் என்ற சொல்லுக்கு இதுவே பொருத்தமான பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது.

நகல் இல்லாத நூலுக்கு என்ன நேரும் என்பதை 1981இல் யாழ்ப்பாணம் காட்டிவிட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இருந்தவை திரும்பக் கிடைக்கும். மற்றவை போனவை போனவைதாம்.

நம் நிலை

இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. தில்லி நூலகங்களுக்கிடையே இரவல் பரிமாற்றத்துக்காக 1988இல் தோன்றிய டெல்நெட் பின்னர் நாடு முழுதும் பரவியது. பல்கலைக்கழக மானியக் குழு 1991இல் தொடங்கிய இன்ஃபிலிப்நெட் ஆய்வேடுகளை எல்லாரும் படிக்க வழிசெய்திருக்கிறது. 2025 சனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் அவை முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் இதழ்கள். நம் கல்லூரி அலமாரிகளில் இருக்கும் பழைய தமிழ் நூலை அந்த வலை எட்டாது.

நம் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் விடுதலைக்கு முந்தைய சிறு நாடக நூல் ஒன்றைத் தேடினோம். அண்டையிலிருந்த பழைய கல்லூரி ஒன்றில் கேட்டபோது வெளியாருக்கு அனுமதியில்லை, பட்டியலைக் காட்டவும் விதியில்லை என்றார்கள். கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டியலில் அந்நூல் இருந்தது. மின்னஞ்சல் எழுதினோம், சில வாரங்களில் பக்கங்களின் படங்கள் வந்துசேர்ந்தன. மறு ஆண்டு, முன்சொன்ன கல்லூரி கழித்துக்கட்டிய நூல்கள் பழைய புத்தகக் கடைக்கு வந்தன. அந்தக் குவியலில் அதே நாடக நூல், முன்னட்டையின்றி, நடுப்பக்கங்களைச் செல்லரித்த நிலையில் கிடந்தது. பத்து ரூபாய்க்கு வாங்கிவந்தோம்.

நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்து 1931இல் நூல் எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். அவர் மண்ணில் நாம் பெருந்திட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் தன் நூலகத்தில் 1950க்கு முன் அச்சான நூல்களைக் குறித்து, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என்னும் நான்கு விவரங்களோடு பட்டியலிட்டு அண்டைக் கல்லூரிகளுக்கு அனுப்பினால் போதும். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் இரவலும் நகலும் தாமே வரும்.

நம் துறையில் முதுகலை மாணவர் நால்வரோடு இவ்வேலையைத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு அலமாரிகள் முடிந்திருக்கின்றன. பட்டியலின் முதல் வரியில் அந்தச் செல்லரித்த நாடக நூலைச் சேர்த்திருக்கிறோம்.