கடன் வாங்கிய பி.டி. பீரியட்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். வயது 42. "சார், சுகர் வந்துடுச்சு. டாக்டர் தினமும் எக்ஸர்சைஸ் பண்ணச் சொல்றார். காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்கு வர்றேன். எங்க சார் நேரம்?" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "பத்தாவதுல எங்க பி.டி. பீரியடை எல்லாம் நீங்கதானே சார் எடுத்துக்கிட்டீங்க!" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. போர்ஷனை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், "இன்னிக்கு ஒரு நாள் கடன் கொடுங்க சார்" என்று பி.டி. வாத்தியாரிடம் கேட்பேன். அவரும் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு பீரியடைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்தக் கடனை எனக்குத் தெரிந்த ஒரே வழியில், ஒரு வரலாற்றுப் பாடமாக, இன்று அடைக்கப் பார்க்கிறேன்.

"நேரமில்லை" என்பது உங்கள் தலைமுறையில் பிறந்த சொல் அல்ல. 1904-லேயே டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பீட்டர் முல்லர் 'என் முறை' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். கருவி எதுவும் வேண்டாம், நாளுக்கு 15 நிமிடம் போதும் என்றார். புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. பகலில் காப்பீட்டு அலுவலகம், இரவில் எழுத்து என்று வாழ்ந்த காஃப்கா, ஜன்னலைத் திறந்துவைத்து முல்லரின் பயிற்சிகளைச் செய்தவர்தான்.

அடுத்து ஜப்பான். அமெரிக்காவில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வானொலியில் காலைப் பயிற்சி நடத்தி வந்தது. வாடிக்கையாளர் நீண்ட நாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கு லாபம் அல்லவா? அதைப் பார்த்த ஜப்பானிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறையினர் தங்கள் நாட்டுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். 1928 நவம்பர் 1 அன்று 'ரேடியோ தைசோ' தொடங்கியது. போர்க்காலத்தில் அரசு அதை மக்களை ஒழுங்குக்குள் வைக்கும் கருவியாகவும் பயன்படுத்தியது. அதனால் தோல்விக்குப் பின் அது நின்றுபோனது. 1951-ல் புது வடிவில் திரும்ப வந்தது. பியானோ இசைக்கு 13 அசைவுகள், ஏறக்குறைய மூன்று நிமிடம். இன்றும் காலை 6.30-க்கு ஒலிக்கிறது.

1950-களின் பிற்பகுதியில் கனடா விமானப்படைக்கு வேறொரு சிக்கல். விமானிகளில் பலருக்கு உடல் தகுதி போதவில்லை. தொலைதூரத் தளங்களிலோ உடற்பயிற்சிக் கூடம் கிடையாது. பில் ஆர்பன் என்பவர் ஐந்தே பயிற்சிகளை வைத்து 11 நிமிடத் திட்டம் ஒன்றை வகுத்தார். முதல் நான்குக்கு 5 நிமிடம், நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு 6 நிமிடம். பெண்களுக்குப் பத்துப் பயிற்சிகள், 12 நிமிடம். எல்லோரும் கீழ்ப்படியில் தொடங்கி, உடம்பு பழகப் பழக மேலே ஏறவேண்டும். நேரம் கூடாது, வேகம்தான் கூடும்.

1996-ல் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாடா ஒரு முடிவை வெளியிட்டார். பனிச்சறுக்கு ஓட்ட வீரர்களின் பயிற்சியாளர் இரிசாவா கையாண்ட முறையைத்தான் அவர் சோதித்தார். ஒரு குழு ஒரு மணி நேரம் நிதானமாக சைக்கிள் இயந்திரம் மிதித்தது. இன்னொரு குழு 20 வினாடி முழு மூச்சாக, 10 வினாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை மிதித்தது. மொத்தம் நான்கே நிமிடம். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டாம் குழுவுக்குக் கொஞ்சம் நிதானப் பயிற்சியும் உண்டு. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு குழுவுக்கும் கூடியது. திடீர் வேகத்துக்கான திறனோ குறுகிய பயிற்சிக் குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் கூடியது.

கவனியுங்கள். இவர்களில் யாரும் "நேரம் கண்டுபிடி" என்று சொல்லவில்லை. இருக்கிற நேரத்துக்குள் பயிற்சியைச் சுருக்கினார்கள். ஆனால் இரண்டை அவர்களாலும் சுருக்க முடியவில்லை: உழைப்பையும் விடாமல் செய்வதையும். தபாடாவின் நான்கு நிமிடம் மூச்சு முட்டும் நான்கு நிமிடம். அது பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கானது. சுகர், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஆர்பன் சொன்னதுபோல் கீழ்ப்படியில் தொடங்குங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு சொல்லி வந்த உலக சுகாதார நிறுவனம், 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். மாடிப்படி ஏறினாலும் கணக்குதான். பஸ்ஸுக்கு வேகமாக நடந்தாலும் கணக்குதான்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "பல் தேய்ச்ச கையோட அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்ப்பா" என்றேன். முதல் நாள் காலை 6.30-க்கு நானே வீடியோ கால் போட்டேன். நான் மொட்டை மாடியில், அவன் ஹாலில். நாளையோடு ஏழு நாள்.

சேர விரும்புபவர்கள் வாருங்கள். 6.30-க்கு அட்டெண்டன்ஸ் எடுப்பேன். இந்தப் பீரியடை யாருக்கும் கடன் கொடுக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்